நிற்கத் தெரிந்தவர்கள்

உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோது, அவருடைய உச்சவேகம் எந்த இடத்தில் வந்தது என்பதையும் அளந்து வைத்திருக்கிறார்கள். 60 மீட்டரிலிருந்து 80 மீட்டர் வரையிலான துண்டை 1.61 விநாடியில் கடந்தார். மணிக்கு 44 கிலோமீட்டருக்கும் மேல். கூடைப்பந்துக் களத்தின் மொத்த நீளம் 28 மீட்டர். அந்த வேகத்தை எட்டுவதற்குள் போல்ட் எல்லைக் கோட்டைத் தாண்டி, புகைப்படக்காரர்களைத் தாண்டி, பார்வையாளர் வரிசைகளையும் தாண்டி, அரங்கின் வெளிச்சுவருக்குப் பக்கத்தில் போயிருப்பார். 2013இல் ஹூஸ்டனில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் ஆல்-ஸ்டார் வார இறுதியில் அவரையும் ஆட அழைத்தார்கள், பிரமுகர்கள் ஆடும் வேடிக்கை ஆட்டத்தில். பந்தைக் கூடைக்குள் அறைந்து கைதட்டல் வாங்கினார். அதற்குமேல் எந்த அணியும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

உலகத்திலேயே வேகமான மனிதனுக்கு இந்த ஆட்டத்தில் பெரிதாக வேலை இல்லை என்பதில் யாருக்கும் வியப்பில்லை. ஆனாலும் ஓர் இளம் ஆட்டக்காரனைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் கேட்பது, “பையன் எவ்வளவு வேகம்?” என்பதைத்தான். வேகத்துக்கு ஓர் எண் இருக்கிறது. எண் இருப்பதற்கு ஒரு மரியாதை உண்டு. கோப்பில் எழுதலாம், இன்னொரு பையனின் எண்ணோடு ஒப்பிடலாம், தேர்ந்தெடுத்தது தவறாகிப் போனால் எண்ணைக் காட்டித் தப்பிக்கலாம். சட்டென்று நின்று திசைமாறும் சூட்டிகைக்கு அப்படி ஓர் எண் இல்லை. எதிரே நிற்பவன் ஒரு கணம் தாமதித்தான் என்பதில்தான் அது தெரிகிறது. அந்தத் தாமதத்தை யார் பெயரில் வரவு வைப்பது?

இந்த ஆட்டம் பிறந்ததே ஓட்டத்தின் மேலுள்ள சந்தேகத்தில்தான். 1891 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் குளிர்காலத்துக்கென ஓர் உள்ளரங்க ஆட்டம் தேடிக்கொண்டிருந்தார். பந்தோடு ஓடுகிறவனைப் பிடித்துத் தள்ளுவதால்தான் அடிதடி வருகிறது, ஓடவே கூடாது என்றால் தள்ள வேண்டிய அவசியம் இல்லை என்பது அவர் கணக்கு. அவர் எழுதிய பதின்மூன்று விதிகளில் ஒன்று, பந்தைப் பிடித்தவன் பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்றது. பந்தைத் தட்டிக்கொண்டே நகரும் டிரிப்ளிங் பின்னால் வந்து சேர்ந்தது. விதி எவ்வளவு தளர்ந்தாலும் களம் தளரவில்லை. 15 மீட்டர் அகலத்தில் பத்துப் பேர், ஒரு வாய்ப்புக்கு 24 விநாடி. முழு வேகத்தில் ஓட யாருக்கும் வழி கிடையாது.

கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடிப் போகிறவனுக்கு எதிர்ப்பக்கத்தில் கிடைப்பது ஆறரை மீட்டர். அங்கே நூறு மீட்டர் வீரனை அனுப்பினால் நாலு பேர் சேர்ந்து அவனை மரியாதையாக உட்கார வைத்துவிடுவார்கள். கூடைப்பந்தும் அந்தச் சாதிதான். ஆட்கள் உயரம், சம்பளம் அதிகம்.

2013-14 பருவத்தில் என்பிஏ அரங்குகள் அனைத்திலும் கூரைக்கடியில் ஆறு காமிராக்களைப் பொருத்தினார்கள். ஏவுகணைகளைப் பின்தொடர இஸ்ரேலில் உருவான நுட்பத்தின் வழியில் வந்தவை. அவை ஆட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து சொன்ன முதல் செய்திகளில் ஒன்று: ஆட்டத்தில் இவர்களின் சராசரி வேகம் மணிக்கு நாலு மைல் சொச்சம். காலையில் நடைப்பயிற்சி போகிற ஓய்வுபெற்ற அதிகாரி கொஞ்சம் கைவீசி நடந்தால் எட்டிவிடுவார். அந்தச் சராசரிக்குள் எத்தனை நிறுத்தம், எத்தனை வெடிப்பு, எத்தனை பொய் அசைவு ஒளிந்திருக்கின்றன என்பதுதான் ஆட்டம். சராசரி அதையெல்லாம் சமமாகத் தேய்த்துவிடுகிறது.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். 1997 மார்ச் 12, பிலடெல்பியா. பந்து ஆலன் ஐவர்சன் கையில். வயது 21, அதுதான் முதல் பருவம், உயரம் ஆறடி. எதிரே மைக்கேல் ஜோர்டன். 34 வயது, ஆட்டத்தின் மகாராஜா, தடுப்பாட்டத்திலும் பெயரெடுத்தவர். ஐவர்சன் முதலில் பந்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சின்னதாக மாற்றுகிறார். அது தாக்குதல் அல்ல, விசாரணை. ஜோர்டன் அந்தப் பக்கம் ஒரு பிடி சாய்ந்து திரும்புகிறார். ஐவர்சனுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது. அவர் அவசரப்படவில்லை, ஜோர்டன் மறுபடி சரியாக நிற்கும்வரை காத்திருக்கிறார். பிறகு அதே அசைவு, இந்த முறை பெரிதாக. தோள் போகிறது, தலை போகிறது, பந்தும் போகிறாற்போல அகலமாகச் செல்கிறது. ஜோர்டனின் எடை முழுவதும் அந்தக் காலுக்கு மாறுகிறது. அந்தக் கால் தரையை விட்டு மீள்வதற்குள் பந்து மறுபக்கத்தில் தரையைத் தொட்டாகிவிட்டது. ஐவர்சன் எழும்பி எறிகிறார். ஜோர்டன் அப்படியும் பாய்ந்து வந்து கையை நீட்டுகிறார், விரல்கள் பந்துக்கு மிக அருகில் போகின்றன. பந்து வளையத்துக்குள் விழுகிறது.

இந்தக் காட்சியில் ஓட்டமே இல்லை. ஐவர்சன் நகர்ந்த தூரம் ஒரு நடுத்தர வீட்டின் கூடத்தைத் தாண்டாது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஜோர்டன் மெதுவானவராக இருந்து ஏமாறவில்லை. பந்தைப் பறித்துவிடலாம் என்று முனைந்ததால் ஏமாந்தார். முழுச் சோம்பேறி ஒருவன் அங்கே நின்றிருந்தால் அந்தப் பெரிய அசைவுக்கு அசைந்திருக்க மாட்டான், ஐவர்சனின் வித்தை பாதி வீணாகியிருக்கும். இந்த ஆட்டத்தில் கணுக்கால் தடுமாறி விழுகிறவர்கள் பெரும்பாலும் கடமையில் கண்ணானவர்கள். சூட்டிகைக்காரன் பிழைப்பது எதிராளியின் ஊக்கத்தை வைத்துத்தான். (அன்று ஆட்டத்தில் ஜெயித்தது ஜோர்டனின் சிகாகோ அணி. அதை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.)

மூளையின் பக்கமிருந்தும் இதற்கு விளக்கம் உண்டு. கண் ஒன்றைப் பார்த்து, உடல் அதற்குப் பதில் சொல்லத் தொடங்க ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி ஆகிறது. அது எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் முதல் சமிக்ஞைக்குப் பதில் தயாராகிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது சமிக்ஞை வந்துவிட்டால், இரண்டாவதற்கான பதில் வழக்கத்தைவிடத் தாமதமாகிறது. மூளையின் அந்த வாசலில் ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் நுழைய முடியும். டெல்ஃபோர்டு என்ற உளவியலாளர் 1931இல் இதை ஆய்வில் காட்டினார். பொய் அசைவு செய்யும் ஆட்டக்காரன் அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. ஆனால் பொய்க்கும் மெய்க்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது அவன் தோளுக்குத் தெரியும். சீக்கிரம் மாற்றினால் எதிராளி பொய்யைக் கவனிக்கவே மாட்டான், தாமதித்தால் சுதாரித்துக்கொள்வான். ஆட்டக்காரன் இங்கே வேகத்தைக் கூட்டவில்லை, எதிராளியின் கடிகாரத்தை நிறுத்தி வைக்கிறான்.

அப்படியானால் சூட்டிகை என்பது ஓர் உடலுக்குள் இருக்கிற சரக்கே அல்ல, இரண்டு பேருக்கு நடுவில் நிகழ்வது. உச்சவேகத்துக்குக் காலியான தடம் போதும். சூட்டிகைக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், அவனுக்கும் புத்தி இருக்க வேண்டும். கூடைப்பந்து உலகம் இதை வாயால் ஒப்புக்கொள்கிறது. யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்கு 12 ஆண்டுகளில் 10 தேசியப் பட்டங்கள் வாங்கித்தந்த ஜான் வுடன், தம் பையன்களுக்கு விரைவையும் பதற்றமின்மையையும் ஒரே மூச்சில் போதித்தவர். அவரை மேற்கோள் காட்டாத பயிற்சியாளர் அமெரிக்காவில் இருக்க மாட்டார். மேற்கோள் காட்டிவிட்டு எல்லோரும் ஸ்டாப்வாட்சை எடுப்பார்கள்.

ஆண்டுதோறும் மே மாதம் சிகாகோவில் என்பிஏவுக்கு வரப்போகும் இளைஞர்களை அளக்கிறார்கள். களத்தில் முக்கால் பங்கு தூரம், 75 அடி, நேராக ஓட வேண்டும். இன்னொரு சோதனையில் கூடைக்கு முன்னுள்ள செவ்வகத்தைச் சுற்றி முன்னால் ஓடி, பக்கவாட்டில் நகர்ந்து, பின்னால் போய் வர வேண்டும். மூலைகளில் பிளாஸ்டிக் கோன்கள். கோன் நகராது, ஏமாறாது, ஏமாற்றாது. எங்கே திரும்ப வேண்டும் என்று பையனுக்கு முதல்நாள் ராத்திரியே தெரியும். இதில் குறைந்த நேரம் எடுத்தவனைச் சூட்டிகையானவன் என்று எழுதிக்கொள்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் வாரன் யங் என்ற விளையாட்டு அறிவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதைத் துருவிப் பார்த்திருக்கிறார்கள். 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு வாரம் நேர்க்கோட்டு ஓட்டம் பழகியவர்கள் நேர்க்கோட்டில் முன்னேறினார்கள். பாதையில் திருப்பங்கள் கூடக்கூட அந்த முன்னேற்றம் கரைந்துகொண்டே போனது. பிறகு ஆஸ்திரேலியக் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து இன்னொன்று செய்தார்கள். ஒரு சோதனையில் திரும்ப வேண்டிய திசை முன்கூட்டியே தெரியும். இன்னொன்றில் கோனுக்குப் பதிலாக எதிரே ஓர் ஆள். அவன் இடப்பக்கம் அடி வைக்கிறானா, வலப்பக்கமா என்று பார்த்துத்தான் திரும்ப வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்களை மற்றவர்களிடமிருந்து முதல் சோதனை பிரித்துக் காட்டவில்லை. இரண்டாவது காட்டியது. ஆள் வந்து நின்றதும் அளவை பேசத் தொடங்கியது. இத்தனைக்கும் பிறகு கோன் விற்பனை குறைந்ததாகத் தெரியவில்லை.

ஸ்லோவேனியாவைச் சேர்ந்த லூக்கா டான்சிச் 2018இல் என்பிஏவுக்கு வந்தபோது அவரைப் பற்றிய முக்கியச் சந்தேகம் கால்கள் மந்தம் என்பதுதான். ரியல் மாட்ரிட் அணியோடு ஐரோப்பியப் பட்டத்தை அப்போதுதான் வென்றிருந்தார். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுத்தபோது, முதல் அணி வேறொருவரை எடுத்தது. இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த சாக்ரமெண்டோ, துள்ளலும் பாய்ச்சலுமாக இருந்த இன்னொரு பையனை எடுத்தது. மூன்றாவதாக எடுத்த அட்லாண்டா, எடுத்த கையோடு டல்லாஸுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. 2024 ஜனவரியில் அதே அட்லாண்டாவுக்கு எதிராக டான்சிச் ஒரே ஆட்டத்தில் 73 புள்ளிகள் எடுத்தார். அவருடைய கால்கள் அன்றும் மந்தமாகத்தான் இருந்தன.

டான்சிச் ஆடுவதைப் பார்க்கிறவர்கள் பந்தை மறந்துவிட்டு இடுப்பைப் பார்க்க வேண்டும். சக ஆட்டக்காரன் நிற்கிற இடத்தை உரசிக்கொண்டு போகிறார். காவலன் ஒரு கணம் பின்தங்குகிறான். வேகமான ஆட்டக்காரன் இந்த இடத்தில் கூடையை நோக்கிப் பறப்பான், காவலனும் பின்னாலேயே பறந்து வருவான். டான்சிச் நின்றுவிடுகிறார். காவலன் அவர் முதுகில் வந்து முட்டி, முன்னால் வர முடியாமல் சிறைப்படுகிறான். எதிரே கூடையடியில் நிற்கும் உயரமானவன் முன்னால் வரவா, பின்னால் போகவா என்று தெரியாமல் தவிக்கிறான். அவன் ஓர் அடி முன்னால் வைத்தால் பந்து அவன் தலைக்கு மேலே சக ஆட்டக்காரனுக்குப் போகிறது. வைக்காவிட்டால் டான்சிச் சாவகாசமாகக் கூடைக்குள் போடுகிறார். ஓடத் தெரிந்த இரண்டு பேர் ஓடாத ஒருவரின் முடிவுக்காகக் காத்து நிற்கிறார்கள்.

கலிபோர்னியாவில் சாண்டா பார்பராவில் மார்கஸ் எலியட் என்ற மருத்துவர் பி-3 என்றொரு ஆய்வுக்கூடம் நடத்துகிறார். ஏராளமான என்பிஏ ஆட்டக்காரர்களை விசைத்தட்டுகளின் மேல் ஏற்றி அளந்தவர்கள் அவர்கள். 2018இல் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற ஜேம்ஸ் ஹார்டன் எம்பிக் குதிப்பதிலும் வேகம் பிடிப்பதிலும் சாதாரணம், ஆனால் ஓட்டத்தை அடக்கி நிறுத்துவதில் உச்சத்தில் இருப்பவர் என்று கண்டார்கள். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். வேகம் இரண்டு மடங்கானால் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. ஒருவனுக்கு எவ்வளவு வேகம் உபயோகப்படும் என்பதை அவன் நிறுத்தும் திறன்தான் தீர்மானிக்கிறது. ஹார்டனும் காவலனும் சேர்ந்து ஓடி வரும்போது அவர் இரண்டு அடியில் நின்று, காவலன் நான்கு அடியில் நின்றால், நடுவில் உள்ள இரண்டு அடி வெற்றிடம் ஹார்டனுக்குச் சொந்தம். அந்த வெற்றிடத்தில் நின்றபடியே எறிந்து அவர் தொடர்ந்து மூன்று பருவங்கள் லீகிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தார்.

டான்சிச்சைப் போலவே மந்தமான கால்கள் கொண்ட நிகோலா யோகிச்சைப் பற்றி நீட்ட வேண்டாம். 2014இல் 41ஆவது ஆளாக எடுக்கப்பட்டார்; அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் துரித உணவு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மூன்று முறை ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரரானார்.

வேகத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை என்று சொன்னால் அது அநியாயம். பந்தைப் பறித்துக்கொண்டு எதிர்க் கூடைக்குப் பாய்கிற நேரங்கள் உண்டு. அங்கே கால்தான் பேசும். 2016 ஜூன் 19, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், 89-89 என்று சமநிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. கோல்டன் ஸ்டேட்டின் ஆந்த்ரே இகுவடாலா தனியாகக் கூடைக்குப் போகிறார். லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து களத்தின் பெரும்பகுதியை ஓடிக் கடந்து, எழும்பி, பந்தைப் பலகையோடு சேர்த்து அறைகிறார். வேகத்தின் மகத்தான தருணம் அது, சந்தேகமில்லை. ஆனால் படத்தை மெதுவாக ஓட்டினால் இன்னோர் ஆள் தெரிவார். வழியில் ஜே.ஆர். ஸ்மித் குறுக்கே எழும்ப, அவரைத் தவிர்க்க இகுவடாலா பந்தைக் காற்றிலேயே ஒரு கணம் கீழே இறக்கி மாற்றுகிறார். அந்த ஒரு கணம்தான் லெப்ரானுக்குக் கிடைத்தது. லெப்ரானுக்குச் சிலை வைத்தால் பீடத்தில் ஸ்மித் பெயரையும் சின்ன எழுத்தில் பொறிக்க வேண்டும்.

இதுவரை சொன்னது சூட்டிகையின் வரவு. செலவுக் கணக்கும் இருக்கிறது, அது யார் வாயிலும் சுலபமாக வராது.

டெரிக் ரோஸ் சிகாகோவிலேயே பிறந்து சிகாகோ அணிக்கே ஆடியவர். 2011இல் 22 வயதில் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார்; அதுவரை அந்த விருதை அவ்வளவு இளம் வயதில் யாரும் வாங்கியதில்லை. உச்சவேகமும் இருந்தது, சட்டென்று திசை மாற்றும் வெட்டும் இருந்தது. இரண்டும் ஒரே உடலில் சேர்வது அபூர்வம். சேர்ந்தால் அந்தச் சுமை முழுவதும் முழங்காலில் இறங்குகிறது. 2012 ஏப்ரல் 28, பிலடெல்பியாவுக்கு எதிரான முதல் பிளேஆஃப் ஆட்டம். முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை, சிகாகோ 12 புள்ளிகள் முன்னால். ரோஸ் கூடைப் பக்கம் புகுந்து, இரண்டு கால்களையும் ஊன்றி நின்று, எழும்பினார். யாரும் மோதவில்லை. இடது முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை; திரும்பி வந்த சில வாரங்களில் வலது முழங்கால். பிறகு மேலும் பத்துப் பருவங்கள் ஆடி 2024இல் ஓய்வு பெற்றார். நடுவில் ஒரு ராத்திரி, 2018 அக்டோபர் 31, 50 புள்ளிகள் எடுத்துவிட்டு அழுதார். ஆனால் அந்தப் பழைய வெட்டு திரும்பவில்லை.

இந்தத் தசைநார் அறுகிற காட்சிகளைப் பல கோணப் படங்களைக் கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆடும் பெண்களின் காயங்களை வைத்து 2010இல் வந்த ஆய்வு அது. பாதம் தரையைத் தொட்டதிலிருந்து ஏறத்தாழ 40 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள், எல்லாம் முடிந்துவிடுகிறது. உடல் உணர்ந்து தசையை இறுக்கித் தற்காத்துக்கொள்ள அந்த நேரம் போதாது. எதிராளியின் ஐந்தில் ஒரு விநாடித் தாமதத்தை வைத்துப் பிழைத்தவன், தன் முழங்காலுக்கு முன்னால் அதே தாமதத்தோடு நிற்கிறான். அங்கே அவனை ஏமாற்றியது யாருமில்லை.

நிறுத்துவதற்கும் உடலில் ஒரு கொள்ளளவு இருக்கிறது என்பதுதான் இதில் தெரிய வேண்டியது. தொடைத் தசை நீண்டுகொண்டே விசையைத் தாங்கும் பழக்கத்தைப் பல வருடங்களில் படிப்படியாகத்தான் வளர்க்க முடியும். ஓட்டத்தை மட்டும் கூட்டி, அடக்கத்தை வளர்க்காமல் விடுவது நம் பள்ளி மைதானங்களிலும் நடக்கிறது. காலையில் ஐந்து சுற்று ஓடவிட்டு, பிறகு சிமென்ட் தரையில் ஆட விடுகிறோம். பையன் வேகமாக இருக்கிறான் என்று சந்தோஷப்படுகிறோம். முழங்கால் வலிக்கிறது என்றால் தைலம் தேய்க்கச் சொல்கிறோம்.

ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நமக்கும் நேரடி உறவே உண்டு. நெய்ஸ்மித் ஆட்டத்தை உண்டாக்கிய அதே பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் ஊர்ப் பள்ளிகளின் பி.டி. வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாக அங்கிருந்து வந்தவர்கள், அல்லது அங்கிருந்து வந்தவர்களிடம் படித்தவர்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கூடைப்பந்து அணிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நூறு மீட்டர் ஓட்டத்தை விட்டுவிடுங்கள். கோனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு பிள்ளையை நிறுத்துங்கள். எதிரே நிற்பவன் எந்தப் பக்கம் போவான் என்று பார்த்து யார் முதலில் அசைகிறார்கள், யார் பொய்க்கு அசையாமல் நிற்கிறார்கள், முழு ஓட்டத்திலிருந்து யார் எத்தனை அடியில் நிற்கிறார்கள், நின்றபின் முழங்கால் உள்பக்கம் மடிகிறதா என்று பாருங்கள். இதற்குக் கருவி வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். அரை மணி நேரம் கண்ணால் பார்த்தால் போதும்.